மகள் தாய்லாந்து, சீனா பற்றி ஆராயப் போகிறேன் என்கிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பி.ஏ. பொருளியல் கடைசி ஆண்டு. எம்.பி.ஏ. சேருவாள் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். அவளோ தாய்லாந்திலும் சீனாவிலும் பண்பாடு, வணிகம், கல்வி மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள். "இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்? பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிக்க விடுங்கள் அம்மா. ஆனால் ஒரு நிபந்தனை: மொழி கற்காமல் இந்தப் பக்கம் போகவே கூடாது. ஆங்கிலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சீனாவையும் தாய்லாந்தையும் ஆராய்ந்து பிஎச்.டி. வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவர்களால் மற்ற நூறு பேரிடமிருந்து தனித்துத் தெரிய முடிவதில்லை. மொழி தெரிந்த பிள்ளை பிஎச்.டி. முடிக்காமல் பாதியில் இறங்கினாலும் அவளுக்குப் பிழைப்பு இருக்கும்.

அவள் சொல்வது மனக்கோட்டை இல்லை என்பதை முதலில் காட்டிவிடுகிறேன். தாய்லாந்தின் பெரிய வணிகக் குடும்பங்களில் கணிசமானவை சீன வம்சாவளியினர். வேளாண்மை, உணவு வணிகத்தில் பெரிய பெயரான சி.பி. குழுமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென் சீனாவின் ஷாந்தோ பகுதியிலிருந்து வந்த சகோதரர்கள் 1921இல் பாங்காக்கின் சீனர் தெருவில் விதைக் கடை போட்டார்கள். சீனா கதவைத் திறந்தபோது, ஷென்சென் நகரில் முதலீட்டுக்குப் பதிவு செய்த முதல் வெளிநாட்டு நிறுவனம் அதுதான். பதிவுச் சான்றிதழின் எண் 0001. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு தலைமுறைக்குள் தாய்லாந்துக்காரர்களாகவே பழைய ஊருக்கு முதலாளிகளாகத் திரும்புகிறார்கள் என்றால், அதற்குள் எவ்வளவு கேள்விகள் இருக்கின்றன பாருங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு நீண்ட ஆய்வு மரபு உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் ஜி. வில்லியம் ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட ஆய்வில், தாய்லாந்துச் சீனர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாய்லாந்துச் சமூகத்தில் கலந்துவிடுகிறார்கள் என்று வாதிட்டார். அப்போது அப்படித்தான் தெரிந்தது. 1913இல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்த பிறகு சீனக் குடும்பங்கள் படிப்படியாகத் தாய்லாந்து மொழிப் பெயர்களுக்கு மாறின. பிபூன் சொங்க்ராம் பிரதமராக இருந்த 1930களின் இறுதியில் சீனப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1990களில் வேறு ஆய்வாளர்கள் ஸ்கின்னரை மறுத்தார்கள்: கலந்துவிட்டார்கள் என்பது பாதி உண்மைதான், ஒரே மனிதர் வீட்டில் சீனராகவும் வெளியில் தாய்லாந்துக்காரராகவும் வாழ முடியும், இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடுவதில்லை என்றார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

முடியாததற்குக் காரணம், களமே மாறிக்கொண்டிருப்பது. 1975இல் தாய்லாந்தும் மக்கள் சீனமும் தூதரக உறவு தொடங்கின. 1992இல் பள்ளிகளில் சீனமொழி கற்பிப்பதற்கான தடைகளை அரசு தளர்த்தியது. 2006இல் கோன் கேன் பல்கலைக்கழகத்தில், சீன அரசின் ஆதரவோடு சீனமொழி கற்பிக்கும் கன்ஃபூசியஸ் நிறுவனம் வந்தது. பிறகு வந்தவர்கள் முற்றிலும் வேறு சீனர்கள். பாங்காக்கில் பழைய யாவராட் தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஷாந்தோ பகுதியின் தியோச்சூ மொழி பேசியவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பேசுவது தாய்லாந்து மொழி. அதே நகரத்தின் ஹுவாய் குவாங் பகுதியிலோ சீனாவின் பல மாகாணங்களிலிருந்தும் அண்மையில் வந்தவர்கள் கடையும் உணவகமும் நடத்துகிறார்கள். அங்கே பேச்சு சீனாவின் பொதுமொழியான மாண்டரின். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே உறவும் உண்டு, உரசலும் உண்டு.

சியாங் மாய் நகரத்தில் இன்னொரு கதை நடக்கிறது. சீனாவின் பள்ளிப் போட்டியிலிருந்து பிள்ளைகளை விலக்கி, அங்குள்ள சர்வதேசப் பள்ளிகளில் சேர்க்கும் குடும்பங்கள் வந்து குடியேறுகின்றன. பல வீடுகளில் அப்பா சீனாவில் சம்பாதிக்க, அம்மா பிள்ளையோடு இங்கே தங்குகிறார். தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களிலும் சீனர்கள்தான் அதிகம். சரி, இது கல்வியா, வணிகமா, பண்பாடா? மூன்றும்தான். உங்கள் மகள் மூன்றையும் சேர்த்துச் சொன்னதைப் பார்த்து அவள் குழம்பிப்போயிருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். அவள் சரியாகவே பார்த்திருக்கிறாள்.

குழப்பம் வரக்கூடிய இடம் ஆய்வுத் தலைப்பு. "தாய்லாந்து, சீனப் பண்பாடும் வணிகமும்" என்று யாராவது தலைப்பு எழுதி அனுப்பினால் எந்த நல்ல பேராசிரியரும் எடுத்துக்கொள்ள மாட்டார். ஓர் இடம், ஒரு கூட்டம், ஒரு கேள்வி என்று சுருங்க வேண்டும். சியாங் மாயில் பிள்ளைகளோடு தங்கும் சீன அம்மாக்கள் தங்கள் வேலையை விட்டதை எப்படி ஈடு செய்கிறார்கள் என்பது ஒரு தலைப்பு. ராயோங் மாகாணத்தில் 2024இல் பி.ஒய்.டி. என்ற சீன நிறுவனத்தின் மின்கார் தொழிற்சாலை திறந்தது. அங்கே சீன மேலாளர்களும் தாய்லாந்துத் தொழிலாளர்களும் எந்த மொழியில், யார் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்று. சியாங் ராய் மலையில் மே சலோங் என்று ஓர் ஊர். சீன உள்நாட்டுப் போரில் தோற்ற கோமின்டாங் படையினர் யுன்னானிலிருந்து பர்மா வழியாக வந்து தங்கிய இடம், இப்போது ஊலாங் தேயிலைக்குப் பெயர்போனது. அதன் மூன்றாம் தலைமுறை என்ன படிக்கிறது, எங்கே வேலைக்குப் போகிறது என்று ஒருத்தி மூன்று வருடம் உட்கார்ந்து எழுதலாம். பொருளியல் படித்த பெண்ணுக்கு இவையெல்லாம் பொருத்தமான களங்கள்.

மொழிக்கு வருகிறேன். முதலில் மாண்டரின், பிறகு தாய்லாந்து மொழி. காரணம் சோறுதான் அம்மா. மாண்டரின் தெரிந்தவர்களுக்கு நம் ஊரிலேயே வேலை இருக்கிறது. செய்யாறில் பெரிய அளவில் காலணி தயாரிப்பது தைவான் நிறுவனம். கிருஷ்ணகிரியில் உள்ள டெல்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குச் சொந்தக்காரரான தாய்லாந்து நிறுவனம் பாங்காக் பங்குச்சந்தையில் இருக்கிறது, அதன் வேர் தைவானில். இப்படிப்பட்ட இடங்களில் மேலாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவே நின்று பேசுவதற்கு ஆள் தேவைப்படுகிறது. சொற்களை மாற்றிச் சொல்வதோடு இருபக்கத்து வேலைப் பழக்கங்களும் புரிந்தவருக்கு இன்னும் மதிப்பு. இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்து எச்.எஸ்.கே. என்ற சீனமொழித் தகுதித் தேர்வில் நான்காம் நிலையைத் தொட்டுவிட்டால் நல்ல அடித்தளம் கிடைக்கும். ஆய்வு தாய்லாந்தில்தான் என்று முடிவானதும் தாய்லாந்து மொழியைத் தொடங்கலாம். ஐந்து தொனிகள், 44 மெய்யெழுத்துகள். ஆனால் அந்த எழுத்து கெமர் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. க, ச, ட, த, ப என்று நம் வரிசையிலேயே நகரும். தமிழ்ப் பிள்ளைகள் அதை விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

எங்கே படிப்பது? முதுகலையை இந்தியாவில் முடிக்கச் சொல்வேன். டெல்லி பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறையில் எம்.ஏ. உண்டு, தனியே முழுநேர மொழிப் பட்டயமும் உண்டு. ஜே.என்.யூ.வில் சீன மொழிக்கும் கிழக்காசிய ஆய்வுக்கும் தனித்தனி மையங்கள் இருக்கின்றன. சாந்திநிகேதனின் சீன பவனம் 1937இல் தாகூர் காலத்திலேயே தொடங்கப்பட்டது. இவை எல்லாமே மத்தியப் பல்கலைக்கழகங்கள், கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது. நுழைவுக்குப் பொதுவாக சி.யூ.இ.டி. முதுநிலைத் தேர்வு. வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையமும், ஐ.ஐ.டி. மெட்ராஸில் சீன ஆய்வு மையமும் உண்டு.

அப்புறம் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஐந்து ஆண்டுகள் உங்களிடம் கைநீட்டாமல் அவள் ஆய்வு செய்யலாம். சீன அரசின் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம், விடுதி போக முதுகலைக்கு மாதம் 3,000 யுவான், முனைவர் படிப்புக்கு 3,500. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் யென்சிங் அகாதமி முழு உதவித்தொகையோடு சீன ஆய்வில் முதுகலை தருகிறது. போட்டி கடுமை, ஆனாலும் முயலலாம். தாய்லாந்தில் பாங்காக்கின் சுலாலோங்கோர்ன், தம்மசாத் இரண்டும் பழைய, வலுவான பல்கலைக்கழகங்கள். எல்லைப்புறம், மலைச் சமூகங்கள், குடியேற்றம் என்றால் சியாங் மாய் பல்கலைக்கழகம்தான் என் தேர்வு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். நிரந்தரப் பேராசிரியர் பணி குறைவு, தாமதமாகவும் வரும். அதை மட்டுமே நம்பி இறங்கினால் முப்பத்தைந்து வயதில் மனம் உடையும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் இறங்க ஒரு படி இருக்கட்டும். மாண்டரினோடு எம்.ஏ. முடித்தால் தொழிற்சாலை, ஏற்றுமதி நிறுவனம், மொழிபெயர்ப்பு, சந்தை ஆய்வு. நெட் முடித்தால் கல்லூரி. பிஎச்.டி. முடித்தால் பல்கலைக்கழகத்தோடு டெல்லி, சென்னை, சிங்கப்பூரில் உள்ள கொள்கை ஆய்வு நிறுவனங்கள். குடிமைப் பணித் தேர்வு எழுதும் எண்ணம் வந்தாலும் இந்தப் படிப்பு வீணாகாது. வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்கள் கற்கும் அயல்மொழிகளில் சீனமும் ஒன்று.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டது நியாயம். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி நம் பிள்ளைகளைப் பாங்காக்குக்கு வரவழைத்து, மே சோட் எல்லை வழியாக மியன்மாரின் மியாவடிக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்தார்கள். தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் சிக்கினார்கள். 2022இலேயே இந்திய அரசு எச்சரிக்கை விட்டது. சுற்றுலா விசாவில் வா, வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பல்கலைக்கழகம் அனுமதிக் கடிதம் கொடுத்து, அதை வைத்துக் கல்வி விசா வாங்கிப் போவதுதான் வழி. ஆய்வுக்குப் போகிறவர்கள் தாய்லாந்தின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலிடம் அனுமதி பெற வேண்டும். அங்கே குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவு, அரச குடும்பத்தை அவமதித்ததாகக் கருதினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை தரும். வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும், முகநூல் பதிவுக்கும் பொருந்தும். அவளிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

சீனாவில் கவலை வேறு மாதிரி. ஆவணக் காப்பகங்கள் எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். 2020இல் எல்லை மூடியபோது விடுமுறைக்கு ஊர் வந்த இந்திய மாணவர்களுக்கு 2022 ஆகஸ்டுக்குப் பிறகுதான் திரும்பப் போக விசா கிடைத்தது. அதனால் முழு ஆய்வையும் சீன மண்ணில் மட்டும் நட்டு வைக்க வேண்டாம். தாய்லாந்தில் வாழும் சீனர்களை எடுப்பதில் இந்த வசதி இருக்கிறது: ஒரு கதவு மூடினாலும் வேலை நிற்காது.

இன்னொரு பொறி, பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்களும், பாங்காக்கிலும் பட்டாயாவிலும் விடுதி அரங்கில் நடக்கும் 'சர்வதேச மாநாடுகளும்'. அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தால் அது ஆய்விதழ் இல்லை. பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பொது நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 விதிகளில் எடுத்துவிட்டது. சேரும் பல்கலைக்கழகத்தின் தனி விதியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பணத்துக்கு மொழி வகுப்பில் சேரலாம். தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்விதழ்கள் தாய்ஜோ என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றில் ஆங்கிலச் சுருக்கம் உண்டு, சிலவற்றில் முழுக் கட்டுரையே ஆங்கிலம். தினமும் ஒன்று படிக்கச் சொல்லுங்கள்.

தகுவா பா ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் தமிழர் வெட்டிய கல்வெட்டு, பாங்காக் அரண்மனைச் சடங்கில் ஒலிக்கும் திருவெம்பாவை என்று நம்மவர்கள் சிலர் அவளை உற்சாகப்படுத்துவார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் தாய்லாந்தில் நம்முடைய தடயத்தை மட்டும் தேடிப் போகிறவர், அங்கே வாழும் மனிதர்களைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார். அவள் கேட்ட கேள்வி அதைவிடப் பெரியது. அதிலேயே நிற்கட்டும்.

இப்போதைக்கு மூன்று வேலை. இந்த மாதமே மாண்டரின் வகுப்பில் சேரட்டும், இணையவழி போதும். சி.யூ.இ.டி. முதுநிலைத் தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் வரும். அறிவிப்பைத் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் மட்டும் பார்க்கட்டும். ஆய்வு செய்ய நினைக்கும் கேள்வியை இரண்டு பக்கத்தில், தமிழில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம், கேள்வி தெளிவாக இருக்கிறதா என்பது தமிழில் எழுதினால்தான் எனக்கும் அவளுக்கும் தெரியும். படித்துவிட்டு உங்கள் இருவரிடமும் தொலைபேசியில் பேசுகிறேன்.