முதல் ஈசிஜி 'நார்மல்' என்று அனுப்பிவிட்டார்கள்: நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: சென்ற வருடம் ஒரு நள்ளிரவில் என் அப்பாவுக்கு (58) நெஞ்சு வலி, வியர்வை. தனியார் மருத்துவமனையில் ஒரே ஒரு ஈசிஜி எடுத்து, "நார்மல், வாயுத் தொல்லைதான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வலி விடவில்லை. காலையில் வேறு மருத்துவமனையில் பெரிய மாரடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் "ஈசிஜியைத் தவறாகப் படித்தார்கள்" என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மாரடைப்பின் ஆரம்பத்தில் ஈசிஜி நார்மலாக இருப்பதும் உண்டு. எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது அதைத்தான். அப்படியே இருக்கட்டும், வலி தீராதவருக்கு மறுபடி ஈசிஜி எடுத்தார்களா? இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்தார்களா? எதுவும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பியதுதான் உங்கள் வழக்கு.

அந்த முதல் ஈசிஜி தாளிலேயே கோட்டின் 'எஸ்டி' என்ற பகுதி மாரடைப்பைக் காட்டும்படி உயர்ந்திருந்தால் நிலைமை இன்னும் உங்கள் பக்கம். ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ உடனே தந்திருக்க வேண்டும். ஆனாலும் தாமதத்தால்தான் பம்பிங் குறைந்தது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பல வழக்குகள் இங்கேதான் தோற்கின்றன. இரண்டு ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை எல்லாவற்றையும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் சம்பந்தமில்லாத ஓர் இதய மருத்துவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

ஈசிஜி தாளை இன்றே ஸ்கேன் செய்யுங்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், நாளடைவில் எழுத்து மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்தால் முழுக்கக் கறுத்துப்போகும்! தாளில் அச்சான நேரம் மிக முக்கியம்.

உங்களிடம் தாள் இல்லையென்றால் மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள்; ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இரண்டு வருடம்தான் தருகிறது. ஒரு வருடம் போய்விட்டது, இனியும் தள்ளாதீர்கள். நீங்கள் கட்டிய மருத்துவக் கட்டணம் 50 லட்சத்தைத் தாண்டாதவரை மாவட்ட ஆணையமே போதும். கேட்கும் நஷ்டஈட்டுத் தொகையை வைத்து இந்த வரம்பைக் கணக்கிடுவதில்லை.

அப்புறம், போலீஸ் புகார். கோபம் நியாயம்தான். ஆனால் ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மருத்துவர்மீது கிரிமினல் வழக்கு நிற்க மிக மோசமான அலட்சியம் வேண்டும். உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.