மிதக்கும் இலை: தாமரையா, அல்லியா?

கேள்வி: மாடித் தொட்டியில் வைக்கத் தாமரைக் கிழங்கு என்று கேட்டு வாங்கினேன். ஒரு மாதமாகியும் இலைகள் தண்ணீரில் படுத்தே கிடக்கின்றன. அல்லியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தாமரையும் முதலில் விடும் இலைகள் மிதக்கத்தான் செய்யும். கொடி சேற்றில் ஓடி வலுப்பெற்ற பிறகே நிமிர்ந்த இலை வரும்.

ஓர் இலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலையில் அது கிடையாது. குடைக்குக் கம்பி போலக் காம்பு நட்டநடுவில் சேரும், மேலிருந்து பார்த்தால் அந்த இடம் வெளிறிய பொட்டாகத் தெரியும். சந்தேகம் தீரவில்லையென்றால் காம்பை ஒடித்து இழுங்கள். தாமரையானால் சிலந்தி நூல் போல இழை இழையாக நீளும். பூத்துவிட்டால் கேள்வியே இல்லை: நடுவில் ஷவர் தலை போன்ற பொகுட்டு தாமரைக்கு மட்டும்தான்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல. தாவரங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1753இல் தாமரையை அல்லியின் பேரினமான நிம்பேயாவில்தான் சேர்த்தார். பிறகு அது நெலும்போ என்ற தனிப் பேரினமானது. சிங்களத்தில் தாமரைக்கு வழங்கும் ‘நெலும்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். அப்போதும் இரண்டும் நெருங்கிய உறவு என்றே வெகுகாலம் நம்பினார்கள். மரபணுவை ஒப்பிட்டபோதுதான் குட்டு உடைந்தது. அல்லி, பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்துபோன கிளை. தாமரையோ புரோட்டியேல்ஸ் என்ற வேறொரு தாவர வரிசையில் வருகிறது. அங்கே அதற்குப் பங்காளிகள் யார் தெரியுமா? காஷ்மீரத்துச் சினார் மரமும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும்! எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்கவில்லை. தாமரைக்கும் அல்லிக்கும் இருப்பது ஒரே குளத்தில் வாழ்ந்ததால் வந்த சாயல்தான், ரத்த உறவு இல்லை.

உங்கள் தொட்டிக்கு வருவோம். வெட்டில்லாத இலை என்றால் தாமரைதான். தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படட்டும். நிழலில் அது நிமிரவே தயங்கும். தொட்டி வாய் அகலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கிழங்கு பக்கவாட்டில் ஓடும். நுனிக்குருத்தில் கைவைக்காதீர்கள், ஒடிந்தால் அந்தக் கொடி அத்தோடு நின்றுவிடும். கொசுவுக்கு நாலு கப்பி மீன் போதும். உரத்தை மட்டும், இரண்டு மூன்று இலைகள் தண்ணீருக்கு மேலே எழும்பிய பிறகு வையுங்கள்.