சாமக்கொடையில் செத்துப்போன மைக்

மைக் செட் அண்ணாச்சி பதில்கள்

முக்கூடல் பக்கத்து வாசகர்: அண்ணாச்சி, எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைக்கு நான்தான் மைக் செட். போன வருஷம் நாலு கார்ட்லெஸ் மைக் உள்ள செட் ஒன்று வாங்கினேன். சாயங்காலம் பேசிப் பார்த்தபோது கணீரென்று இருந்தது. ராத்திரி வில்லுப்பாட்டு சூடுபிடிக்கிற நேரத்தில் நாலு மைக்கும் விட்டு விட்டுக் கேட்டன. நடுவில் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம் வேறு. நடுராத்திரிச் சாமக்கொடையில், சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி குறி சொல்லும்போது ஒன்று அடியோடு செத்துப்போனது. ஊர்க்காரர்கள் பார்த்த பார்வையை எழுத முடியாது. செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் ஒரு சோதனை. மைக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, அவற்றின் சிக்னலைப் பிடிக்கிற ரிசீவர் பெட்டியை மட்டும் போட்டு வையுங்கள். அதில் ஆர்.எஃப். என்று போட்டிருக்கும், சிக்னல் வந்தால் எரிகிற விளக்கு எரிகிறதா? மைக் அணைந்திருக்கும்போதே எரிந்தால், உங்கள் அலைவரிசையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சேனலை மாற்றுங்கள். எரியவில்லை என்றால் அலைவரிசை சுத்தம். உங்கள் மைக்கின் சிக்னல்தான் ரிசீவர் வரை போய்ச் சேரவில்லை. சோதனையைச் சாயங்காலம் செய்து பிரயோஜனம் இல்லை. சீரியல் செட்டும் எல்.இ.டி. ஆர்ச்சும் எரிய ஆரம்பித்த பிறகு செய்யுங்கள். அந்த விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கிற சின்னப் பெட்டிகளே சில நேரம் இரைச்சலைக் கிளப்பும்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் சிக்னல் போய்ச் சேராத கதை என்றுதான் எனக்குப் படுகிறது. சாயங்காலம் இல்லாமல் ராத்திரி புதிதாக வந்தது என்ன? ஜனம். மனுஷ உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். உங்கள் மைக் பேசுகிற அலையை அது குடித்துவிடும்.

இதை நான் திசையன்விளைப் பக்கம் ஒரு கொடையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ரிசீவரை ஆம்ப்ளிஃபயர் தலையில் வைத்திருந்தேன், இடுப்பு உயரம். ஜனம் உட்கார்ந்திருந்த வரைக்கும் பாட்டு நன்றாகப் போனது. சாமி வந்து ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் எழுந்தார்கள், மைக் போனது. உட்கார்ந்தார்கள், வந்தது. மறுபடி எழுந்தார்கள், போனது. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக மேஜைமேல் ஏற்றி, ரிசீவரை அதன் உச்சியில் துண்டால் கட்டினேன். பார்க்கச் சகிக்காது. ஆனால் விடிகிற வரை ஒரு சொல் விழவில்லை.

ஆகவே ரிசீவர் ஆள் தலைக்கு மேலே இருக்க வேண்டும், முடிந்தால் மேடை ஓரத்திலேயே. அதற்காக ஆன்டெனா வயரை நீட்டாதீர்கள். கடையில் கிடைக்கிற ஒல்லியான ஆர்.ஜி. 58 வயரை 30 மீட்டர் இழுத்தால், 600 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசையில் சிக்னல் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ரிசீவரையே மேடைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மிக்ஸருக்கு ஆடியோ வயரை இழுங்கள். மூன்று கம்பி உள்ள பேலன்ஸ்டு லைனாக இருந்தால் அந்தத் தூரம் ஒன்றும் செய்யாது.

செத்துப்போன அந்த ஒரு மைக்கைப் பற்றி: கோமரத்தாடி பக்கத்தில் மைக்கை நீட்டிக்கொண்டு ஓடினவர் அதை எப்படிப் பிடித்திருந்தார்? பல கை மைக்குகளில் ஆன்டெனா வால் பக்கம் இருக்கும். வாலைப் பொத்திப் பிடித்தால் வாயைப் பொத்தின மாதிரிதான். நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். மைக்கின் பேட்டரி செல்லையும் பாருங்கள், மதியக்கொடைக்குப் போட்ட செல்லோடு சாமக்கொடைக்குப் போகக் கூடாது.

இனி அந்த ‘கொர்ர்’. மைக்குகளை எந்தெந்த அலைவரிசையில் வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வரிசையாக 610, 612, 614, 616 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் வைத்திருந்தால் வினை அங்கேதான். 610-உம் 612-உம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது 608-லும் 614-லும் தாங்களாகவே பேய்ச் சிக்னல் பிறக்கும். 614-இல் உங்கள் மூன்றாவது மைக் பாடிக்கொண்டிருக்கிறது, பாவம். இடைவெளியை ஒழுங்கில்லாமல் வையுங்கள். அல்லது ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகளாகச் சேர்த்துக் கம்பெனியே போட்டுக் கொடுத்த குரூப் இருந்தால் ஒரே குரூப்புக்குள் எல்லாவற்றையும் வையுங்கள். பாடாத மைக்கைச் சுவிட்சை அணைக்காமல் இன்னொன்றின்மேல் போட்டு வைக்காதீர்கள்.

எல்லாம் சரி, வில்லுப்பாட்டுக்காரருக்கு எதற்குக் கார்ட்லெஸ்? வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்துதானே பாடுகிறார்? குடம் அடிப்பவரும் எழுந்து நடப்பதில்லை. அவர்களுக்கெல்லாம் வயர் மைக் கொடுங்கள். நடக்கிறவருக்கு மட்டும் ஒரு கார்ட்லெஸ், அதற்குத் துணையாக ஒன்று. உங்கள் நாலு மைக் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வயரில்லாத மைக் கௌரவம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பாடகர் குழு இளைஞர்: எங்கள் ஆலயத்தில் நல்ல கம்பெனி மைக், ரொம்ப வருஷமாக ஒரு குறையும் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேர்ந்ததும் ‘டர்ர்’ என்கிறது. ரிசீவரில் 740 என்று போட்டிருக்கிறது. இரண்டு தடவை சர்வீஸ் கொடுத்தும் பலன் இல்லை.

பதில்: மைக்கில் பழுது இல்லை தம்பி, அதன் வீட்டை விற்றுவிட்டார்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2022 அலைக்கற்றை ஏலத்தில் செல்போனுக்குப் போய்விட்டது. 703 முதல் 748 வரை போன்கள் டவருக்குப் பேசுகிற இடம். 758 முதல் 803 வரை டவர் போனுக்குப் பேசுகிற இடம். உங்கள் 740 போன்கள் பேசுகிற இடத்தில் இருக்கிறது. அதனால்தான் ஆலயம் காலியாக இருக்கும்போது அமைதி, சபை கூடினால் ரகளை. போனை அணைக்கச் சொல்லிப் போதகர் அறிவிக்கலாம், எத்தனை பேர் கேட்பார்கள்? சர்வீஸுக்கு இனி ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள். புதிதாக வாங்கினால் 500-களில் வாங்குங்கள். அதே ஏலத்தில் 600-ஐயும் வைத்தார்கள், அப்போது யாரும் கேட்கவில்லை. அடுத்து யாராவது கேட்டால் அதுவும் போய்விடும்.

வள்ளியூர் வாசகர்: என் ரிசீவரில் இரண்டு ஆன்டெனாக் கொம்பு இருக்கிறது. ஆனாலும் கல்யாண மண்டபத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் கட்டாகிறது, அரை அடி நகர்ந்தால் வருகிறது. இரண்டு கொம்பு இருந்தால் கட்டாகாது என்றார்களே?

பதில்: தகரக் கூரையிலும் கம்பித் தூணிலும் பட்டுத் திரும்புகிற அலை, நேராக வருகிற அலையோடு மோதி ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற இடங்கள் அவை. 600 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 50 சென்டிமீட்டர்தான், அதனால் அரை அடி நகர்ந்தாலே நிலைமை மாறும். உண்மையான டைவர்சிட்டி ரிசீவர், இரண்டு கொம்பில் எதில் நன்றாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் விலை குறைந்த இரட்டை மைக் செட்டுகள் பலவற்றில் கொம்புக்கு ஒரு மைக், ஒன்றுக்கொன்று உதவாது. சந்தேகம் இருந்தால் ஒரு கொம்பைக் கழற்றிவிட்டு இரண்டு மைக்கிலும் நடந்துகொண்டே பேசிப் பாருங்கள். ஒரு மைக் மட்டும் தள்ளாடினால், உங்களுக்கு விற்றது பெயருக்கு இரட்டைக் கொம்பு.