நல்லா போற வண்டியை ஏன் நிறுத்தணும்?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்றை எடுத்திருக்கிறேன். மூன்றும் வேலூர் பக்கத்திலிருந்து வந்தவை. கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: கடைசி வரைக்கும் இப்படியேதானா? நீளமாக எழுதியவருக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயசு. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில 19 வருஷமா அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகம் தைக்கிறேன். ஒரே லைன், ஒரே மெஷின். காலையில நாலரைக்கு எழுந்து சோறு, குழம்பு, நாலு டிபன் பாக்ஸ், மாமியாருக்குத் தனியா கஞ்சி. ஆறரைக்கு கம்பெனி பஸ். திரும்பி வர ராத்திரி ஏழாயிடும். வந்ததும் பாத்திரம், துணி, மறுபடி அடுப்பு. ஞாயித்துக்கிழமை ஓ.டி. இருந்தா அதுக்கும் போறேன். பொண்ணு நர்சிங் முடிச்சு வேலைக்குப் போறா, பையன் ஐ.டி.ஐ. படிக்கிறான், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டறார். பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணு கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி எம்ப்ராய்டரி வேலை செய்யறதைப் பார்த்ததுல இருந்து மனசு அதுலயே நிக்குது. வேலையை விட்டுட்டுக் கத்துக்கட்டுமான்னு கேட்டா, 'நல்லா போற வண்டியை ஏன் நிறுத்தறே'ங்கிறார். இந்த மெஷின் முன்னாடியே கிழவியாயிடுவேனோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?
வாசகி, குடியாத்தம் வட்டம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் கம்பெனியைப் பற்றி இருப்பது ரெண்டே வரி. மீதி எல்லாம் நாலரை மணி அடுப்பும் ராத்திரிப் பாத்திரமும்தான். அதனால் ஒன்றை முதலில் யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு அலுத்துப்போனது தையல் வேலையா, இல்லை அந்த வேலைக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கிற, யாரும் பங்குக்கு வராத இன்னொரு முழு வேலையா? நாளைக்கே கம்பெனியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், "வீட்லதானே இருக்கே" என்று ரேஷன் கடை, கரண்ட் பில், விருந்தாளி, மாமியாரின் ஆஸ்பத்திரி என்று எல்லாமே உங்கள் தலையில்தான் வந்து விழும். ஆரி ஸ்டாண்டு ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். நான் பார்த்த வரைக்கும் நிறைய வீடுகளில் நடப்பது இதுதான்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களில் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். விடிந்தும் விடியாத அந்த நேரத்துக்கே தலை வாரி, பூ வைத்து, தோளில் பை, அதில் டிபன் பாக்ஸ். முகத்தில் மட்டும் ஒரு நாள் வேலையை முடித்த களைப்பு. உண்மையில் பாதி நாள் வேலையை முடித்துவிட்டுத்தான் அங்கே நிற்கிறார்கள்.

அதனால் மாற்றத்தை வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஐ.டி.ஐ. படிக்கிற பையனுக்குத் தன் டிபன் பாக்ஸைத் தானே கட்டிக்கொள்ளத் தெரியாதா? குக்கரில் சோறு வைக்கத் தெரியாதென்றால் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வான். ராத்திரிப் பாத்திரத்தை மகளும் மகனும் முறை வைத்துக் கழுவட்டும். இதைக் கெஞ்சிக் கேட்காதீர்கள், கோபத்திலும் சொல்லாதீர்கள். ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த திங்கள்கிழமையிலிருந்து இப்படித்தான் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். முதல் வாரம் சோறு குழையும், சட்னியில் உப்பு கூடும், மாமியார் முணுமுணுப்பார். நீங்கள் எழுந்து போய் அதைச் சரி செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. மாதத்தில் ரெண்டு ஞாயிறை விட்டுவிடுங்கள். காசு குறையும், குறையட்டும். அந்த ரெண்டு ஞாயிறும் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் போய் உட்காருங்கள்.

இனி ஆரி விஷயம். "இந்த வயசுல புதுசா" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் உங்களுக்கு இது முழுக்கப் புதிது கிடையாது. துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்தாலும் அந்தத் தடம் மறையாது, பீஸ் வீண். அப்படிப்பட்ட பொருளின் மேல் வளைவு வளைவாக, ஓரத்திலிருந்து ஒரே அளவு தள்ளி, டார்கெட் நெருக்கத்தில் 19 வருடம் தைத்த கை உங்களுடையது. ஆரியில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நூலை ஒரு கையால் துணிக்கு அடியில் பிடித்துக்கொண்டு, கொக்கி ஊசியால் மேலே இழுத்துச் சங்கிலித் தையல் போட வேண்டும். கொக்கி பிடிபடச் சில வாரம் ஆகும். ஆனால் அளவு பார்க்கிற கண்ணும் அசையாத கையும்தான் அதில் பாதி வித்தை, அதை நீங்கள் கையோடு கொண்டு போகிறீர்கள். கண் என்றதும் ஞாபகம் வருகிறது, 43 வயது வெள்ளெழுத்து வருகிற வயது. ஊசி எடுக்கும் முன் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தலைவலி வந்து பழியெல்லாம் ஆரி மேல் விழும்.

வேலையை விடும் முடிவை இப்போது எடுக்க வேண்டாம். முதலில் தெரிந்தவர்களுக்கு நாலைந்து ஜாக்கெட் செய்து கொடுங்கள், காசு வாங்கிக்கொண்டே செய்யுங்கள். கல்யாணம் வியாழக்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை வந்து "இந்த மயிலை இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்" என்பார்கள். அப்போதும் ஊசியைத் தொட ஆசையாக இருந்தால் அது உங்கள் வேலை.

பணக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்காரரின் பயமும் அங்கேதான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவர் விலகினால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 19 வருடத்துக்குச் சுமார் 1,31,500 ரூபாய் வரும். பி.எஃப். அதற்கு மேல் தனி. பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் வரும், 50-க்கு மேல் கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள். வேலையை விட்டால் கொஞ்ச நாளில் இ.எஸ்.ஐ. வைத்தியமும் நின்றுவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். மாமியார் இருக்கிற வீடு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், வேலையில் இருக்கும்போதே அதை விசாரித்து வையுங்கள்.

குழுக் கடன் வாங்கி ஸ்டாண்டு, மெஷின், மணி, ஜரிகை என்று அடுக்காதீர்கள். வாரத் தவணை ஒன்று கழுத்தில் ஏறிவிட்டால் ஆரியும் இன்னொரு கம்பெனி லைனாகிவிடும். இது ஒன்றை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இனி, 'நல்லா போற வண்டி' என்கிற வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? வண்டியை நிறுத்தவில்லை, 19 வருடமாக நானே ஓட்டுகிறேன், இனி எந்தப் பக்கம் போகிறது என்பதில் எனக்கும் ஒரு பேச்சு வேண்டும் என்று சொல்லுங்கள். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இது புரியும்.

கேள்வி: அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் வேலூர்–திருவண்ணாமலை வழித்தடம். இன்னும் விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. பிள்ளைகள் "ரெஸ்ட் எடுங்கப்பா" என்கிறார்கள். டி.வி., பேப்பர், சாப்பாடு, தூக்கம். புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது, என்ன என்று தெரியவில்லை.
வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அய்யா, பிள்ளைகள் அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்களுக்கு ஓய்வு போதும் போதும் என்று ஆகிவிட்டது. மூன்று மணி முழிப்பை வியாதியாக நினைக்காதீர்கள், அது உங்கள் உடம்பு சம்பாதித்த பழக்கம். அதற்கு ஒரு வேலை கொடுங்கள்.

காட்பாடி ஸ்டேஷனில் விடியற்காலை வந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கையில் ஃபைல், கூட ஒரு நோயாளி, மொழி தெரியாது, எந்த பஸ் என்று தெரியாது. லாட்ஜ் புரோக்கர் முதலில் வந்து நிற்பான். அங்கே உங்களை மாதிரி ஒருவர் நின்று, பஸ் இங்கே, இவ்வளவு டிக்கெட், இந்த இடத்தில் இறங்குங்கள் என்று கை காட்டினால் அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! பத்து வாக்கியம் இந்தியும் பத்து வாக்கியம் பெங்காலியும் போதும். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைப் பையன்கள் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள், உங்களால் முடியாதா?

அப்புறம் இன்னொன்று. கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் என்று வருடக்கணக்காகக் கூவி இறக்கிவிட்டீர்களே, அந்த ஊர்களில் நீங்கள் இறங்கி நடந்ததுண்டா? ஒரு நாள் டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்து போய், சந்தவாசலில் இறங்கிப் படைவீட்டுக்குப் போங்கள். சம்புவராய மன்னர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர், ஜவ்வாது மலை அடிவாரம், ரேணுகாம்பாள் கோயில். இருட்டும் முன் வீடு திரும்பலாம். அடுத்த வாரம் அடுத்த ஸ்டாப்.

கேள்வி: அக்கா, நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறேன், வயது 27. எங்களுக்கு இலவம்பாடி பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், அப்பா முள்ளு கத்தரிக்காய்தான் போடுகிறார். எனக்கும் அதில்தான் ஆசை. அப்பாவோ "நான் பட்டது போதும், நீ மறுபடி சேத்துல இறங்கவா படிக்க வெச்சேன்" என்று பேச மாட்டேன் என்கிறார். ஃப்ரெண்ட்ஸ்கூட இது பின்னாடி போறதுடா என்கிறார்கள். சொந்தப் பாதை என்றால் புதிதாகத்தான் இருக்க வேண்டுமா?
வாசகர், அணைக்கட்டு வட்டம்

பதில்: வேண்டியதில்லை தம்பி. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற வேலூரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அப்பா மிஷனரி டாக்டர். அந்தப் பிழைப்பே வேண்டாம் என்று முடிவு செய்திருந்த பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் அவர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அப்பா பார்த்த அதே வேலைதான், ஆனால் அப்பாவால் நுழைய முடியாத வீட்டுக்குள் மகள் நுழைந்தார்.

நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான். அப்பா செய்ததையே நீங்களும் செய்து, கமிஷன் மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு அவன் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வரப்போகிறீர்கள் என்றால், அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ச் சரக்கு என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்தது. விளைவிக்கிறவர் அதில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன் பெயரைப் பதிந்துகொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. அப்பா பதிந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். உழவர் சந்தையில் விவசாயி அட்டை இருந்தால் தரகு இல்லாமல் நேரே விற்கலாம். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் இலை போடுவதில்லை, ஆம்பூரிலும் வேலூரிலும் எத்தனை பிரியாணிக் கடை இருக்கிறது! வாரம் இத்தனை கிலோ, இந்த விலை என்று நாலு கடையில் பேசி வையுங்கள், அப்பாவுக்கு அதுதான் நிஜமான உதவி.

வேலையை விடாதீர்கள். ஷிப்டு வேலை என்பதால் பகலில் நேரம் கிடைக்கும். அப்பாவிடம் 20 சென்ட் மட்டும் கேளுங்கள், ஒரு போகத்துக்கு, குத்தகை மாதிரி காசு கொடுத்தே கேளுங்கள். விதையும் ஆலோசனையும் அவரிடமே வாங்குங்கள், அந்த முள்ளுச் செடியைப் பற்றி அவரை விட அதிகம் தெரிந்தவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். பேசாத மனிதர் பேச ஆரம்பிப்பதும் பெரும்பாலும் வரப்பில்தான். காய்த்துளைப்பான் புழு வந்தால் பதறிப்போய்க் கடைக்காரன் கொடுக்கிற மருந்தை எல்லாம் அடிக்காமல் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு காயை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். நட்டு ஏறக்குறைய ரெண்டு மாதத்தில் பறிப்பு தொடங்கும். உழவு, ஆள்கூலி, மருந்து, வண்டி வாடகை, பறித்த கிலோ, விற்ற விலை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டு எழுதுங்கள். போகம் முடிந்ததும் அந்த நோட்டை அப்பா முன்னால் வையுங்கள். நஷ்டமாக இருந்தாலும் வையுங்கள், எங்கே போயிற்று என்று அவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.