போசாக்கு மாநாட்டு விருதுக்கு 40,000 ரூபா கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: நான் பொகவந்தலாவையைச் சேர்ந்தவள். உணவு, போசாக்குத் துறையில் இறுதியாண்டு மாணவி. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் 212 பெண்களின் ஹீமோகுளோபின் அளவையும், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தையும் ஆய்வு செய்தேன். அமெரிக்கப் போசாக்குச் சங்கத்தின் வருடாந்த மாநாட்டில் மாணவர்களுக்கும் பயிலுநர்களுக்கும் ஆய்வு விருது இருப்பதாக அறிந்தேன். முதல் பட்டம் படிப்பவர் விண்ணப்பிக்கலாமா? ஹட்டனில் ஒருவர் 40,000 ரூபா தந்தால் ஆய்வுச் சுருக்கத்தை எழுதித் தருவதாகவும் விருது நிச்சயம் என்றும் சொல்கிறார். அவர் கேட்டதால் தரவுக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: விண்ணப்பிக்கலாம். பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் கோப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்தக் கோப்பில் பெண்களின் பெயர், லயன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே திறந்து பாருங்கள். இருந்தால் இன்றைக்கே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவுக்கும் அவர் வழியாக அறிவியுங்கள். அந்த நபரிடம் கோப்பை அழிக்கும்படி எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் அல்ல. இரத்தம் கொடுத்த பெண்கள் ஆய்வுக்காக உங்களுக்குச் சம்மதம் தந்தார்கள், ஹட்டனில் இருக்கும் அந்த நபருக்கு அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட கவனத்துக்குரியதாகவே வைத்திருக்கிறது. இனி யாருக்கு அனுப்பினாலும் பெயர் நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் இட்ட கோப்பாக மட்டும் அனுப்புங்கள்.

இனி அந்த 40,000 ரூபா. இத்தகைய விருதில் நடுவர்கள் முதலில் பார்ப்பது ஆய்வுச் சுருக்கத்தை மட்டும்தான். அதற்குப் புள்ளியிடுவார்கள். கூடிய புள்ளி பெற்றவர்கள் மாநாட்டில், ஆய்வை ஒரே பெரிய தாளில் காட்டும் தமது போஸ்டருக்கு முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதில் எந்தப் படியிலும் தரகர் கைவைக்க இடமில்லை. விருதை நிச்சயம் என்று ஒருவர் சொன்னால் ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் அது விருதே அல்ல. இரண்டாவது வகைதான் இப்போது மலிந்து கிடக்கிறது. ஹோட்டல் மண்டபம் ஒன்றில் பொறியியல், முகாமைத்துவம், போசாக்கு, கல்வி எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்து ‘சர்வதேச மாநாடு’ என்று பெயரிடுவார்கள். சுருக்கம் அனுப்பி இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வரும், திருத்தக் குறிப்பு ஒன்றுகூட இருக்காது. கட்டணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். மாலையில் ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு ‘சிறந்த கட்டுரை’ விருது. உண்மையான தொழில்சார் சங்கத்துக்கு அங்கத்தவர்கள் உண்டு, தெரிவுசெய்யப்பட்ட நிர்வாகிகள் உண்டு, வருடாந்தப் பொதுக்கூட்டம் உண்டு, பெரும்பாலும் சொந்த ஆய்விதழும் உண்டு. ‘திங்க் செக் அட்டென்ட்’ என்ற இலவச இணையத்தளத்தில் ஒரு கேள்விப்பட்டியல் இருக்கிறது. எந்த மாநாட்டுக்கும் பணம் கட்டுமுன் அதை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

இந்த வியாபாரம் ஏன் ஓடுகிறது? ‘சர்வதேச மாநாட்டில் சமர்ப்பித்தவர்’ என்றால் புள்ளி கொடுக்கும் நிறுவனங்கள் அது எப்படிப்பட்ட மாநாடு என்று பார்ப்பதில்லை. உண்மையான விருது அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் மட்டும் வந்து, பீட அலுவலகத்தின் அறிவித்தல் பலகையில் முடிவுத்திகதி கழியும்வரை தொங்குகின்றன. பொகவந்தலாவைப் பிள்ளைக்கு அதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? சொல்ல வேண்டியவர் சொல்லாத இடத்தில்தான் தரகர் வந்து நிற்கிறார்.

தகுதி விடயத்தில் உங்களுக்குப் பெரிய தடை இல்லை. மாணவர் என்றால் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்து படித்துக்கொண்டிருப்பவர். பயிலுநர் என்றால் பட்டம் முடித்து வைத்தியசாலையிலோ ஆய்வுகூடத்திலோ மேற்பயிற்சியில் இருப்பவர். நீங்கள் முதல் வகை. சுருக்கத்தில் முதல் ஆசிரியராகவும் மாநாட்டில் நேரில் சமர்ப்பிப்பவராகவும் நீங்களே இருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் பெயர் கடைசியில் வரட்டும். சங்கத்தில் மாணவ அங்கத்துவம் கேட்பார்கள், அதைச் சுருக்கம் அனுப்புமுன்னரே எடுத்துவிடுங்கள். பீடாதிபதி அலுவலகத்திலிருந்து கடிதத்தலைப்பில் ஒரு கடிதம் வேண்டும்: பெயர், பட்டநெறி, பதிவுத் திகதி, முடிவடையும் எனக் கருதப்படும் திகதி. அதை மூன்று வாரம் முன்னதாகவே கேளுங்கள். ஒரு கையொப்பத்துக்கு அத்தனை நாள் போகக்கூடாதுதான், ஆனால் போகிறது.

பெயரில் மிகுந்த கவனம் வேண்டும். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று, பல்கலைக்கழகப் பதிவில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் என்று இருப்பது வழமை. சுருக்கத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லையென்றால் முதலில் சான்றிதழைத் திருத்தி, அதன்படி கடவுச்சீட்டு எடுத்த பின் விண்ணப்பியுங்கள். அச்சில் ஒரு பெயரும் விசாவில் இன்னொரு பெயருமாக வந்தால் அழைப்புக் கடிதத்திலிருந்து சான்றிதழ் வரை எல்லாம் சிக்கும்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ஆய்வுகள் பல இங்கேதான் விழுகின்றன. பெரும்பாலான மாநாடுகள் ஏற்கெனவே வெளியான ஆய்வை ஏற்பதில்லை. உங்கள் ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பது வெளியீடு ஆகாது. துறைக்குள் பத்துப் பேர் முன்னிலையில் பேசியதும் ஆகாது. ஆனால் பீடத்தின் மாணவர் ஆய்வரங்கில் சமர்ப்பித்து, அதன் சுருக்கம் ISSN போன்ற சர்வதேச இலக்கமிட்ட நூலில் அச்சாகியிருந்தால் அது வெளியீடு என்றே கொள்ளப்படலாம். அந்த நூல் இணையத்தில் ஏறியிருந்தால் நடுவருக்குத் தலைப்பைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தலைப்பை மாற்றி அனுப்பினால் தப்பலாம் என்று தரகர்கள் சொல்வார்கள். அது ஏமாற்று, பிடிபட்டால் மேற்பார்வையாளரின் பெயரும் சேர்ந்து கெடும். அச்சாகியிருந்தால் நூலின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுதி, இது தகுதியைப் பாதிக்குமா என்று மாநாட்டுச் செயலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இன்னும் அச்சாகவில்லையென்றால் எதை முதலில் செய்வது என்று இப்போதே தீர்மானியுங்கள். இலங்கைப் போசாக்குச் சங்கத்தின் வருடாந்த அமர்விலோ இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் அமர்விலோ முதலில் அச்சேறினால் அமெரிக்கக் கதவு மூடக்கூடும். செலவைப் பார்த்தால் உள்ளூர் அமர்வே உங்களுக்கு நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. அமெரிக்க விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் 185 டொலர், மறுக்கப்பட்டாலும் திரும்பாது. விருதுப் பணம் விமானச் செலவை மூடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

எங்கு அனுப்பினாலும் ஒரு தொழில்நுட்ப விடயத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவதால் உடல் கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்கும். அதனால் தாழ்நிலத்துக்கான ஹீமோகுளோபின் எல்லையை அப்படியே வைத்தால், குருதிச்சோகை (ஹீமோகுளோபின் அந்த எல்லைக்குக் கீழே குறைந்த நிலை) உள்ள பெண்ணும் நலமானவளாகத் தெரிவாள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலின்படி 1,500 முதல் 1,999 மீற்றர் வரை அளவீட்டிலிருந்து டெசிலீற்றருக்கு 1.1 கிராம் கழிக்க வேண்டும். 1,000 முதல் 1,499 வரை 0.8, 500 முதல் 999 வரை 0.4. கருவியில் 12.7 காட்டிய பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு எல்லை 12.0 என்பதால் நலம் என்று எழுதியிருப்பீர்கள். 1.1ஐக் கழித்தால் 11.6, அதாவது இலேசான குருதிச்சோகை. பழைய அட்டவணையில் 1,500 மீற்றருக்கு 0.5, 2,000 மீற்றருக்கு 0.8 தான் கழிப்பார்கள். ஆகவே எந்த ஆண்டின் வழிகாட்டலைப் பின்பற்றினீர்கள் என்று சுருக்கத்திலேயே ஆண்டோடு குறிப்பிடுங்கள். தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் சில நூறு மீற்றர் வித்தியாசம் இருந்தால் ஒவ்வொன்றின் உயரத்தையும் தனியாக எடுங்கள்.

விரலில் குத்தி எடுத்த இரத்தமா, நாளத்திலிருந்து எடுத்ததா என்றும் எழுதுங்கள். காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும், இரத்தம் வராது, பிழிந்தெடுப்பார்கள். பிழிந்தால் இழையத் திரவம் கலந்து அளவு குறைந்து காட்டும். கையைச் சூடாக்கி, முதல் துளியைத் துடைத்துவிட்டு எடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். விரலில் எடுத்ததே குறைபாடு என்றால் அதை ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். நடுவர் கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

சுருக்கத்துக்குப் பெரும்பாலும் 250 முதல் 300 சொற்கள்தான் இடம். அதில் பாதியைப் பெருந்தோட்ட வறுமை பற்றிய முன்னுரைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முன்னுரை இரண்டு வசனம் போதும். நோக்கம் ஒரு வசனம். முறையில் யார், எத்தனை பேர், எப்படித் தெரிந்தெடுத்தீர்கள், எதனால் அளந்தீர்கள், ஒழுக்கநெறி அனுமதி இலக்கம். அனுமதி தரவு சேகரிக்கத் தொடங்குமுன் வாங்கியதாக இருக்க வேண்டும். தோட்டத்துரையின் சம்மதம் அதற்கு ஈடாகாது, பின்திகதியிட்டும் வாங்க முடியாது. முடிவுகள் பகுதிதான் நீளமாக இருக்க வேண்டும், அதில் எண்கள் இருக்க வேண்டும். உதாரணமாக 212 பேரில் 85 பேருக்குக் குருதிச்சோகை என்றால் 40.1 சதவீதம் என்று மட்டும் எழுதாமல், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான சதவீதம் பெரும்பாலும் அமையக்கூடிய வீச்சு) 33.5 முதல் 46.7 வரை என்பதையும் சேருங்கள். ‘முடிவுகள் மாநாட்டில் விளக்கப்படும்’ என்று எழுதினால் அந்த இடத்திலேயே புள்ளி போய்விடும்.

முடிவுரையில் ‘தேத்தண்ணி குடிப்பதால் குருதிச்சோகை வருகிறது’ என்று எழுதாதீர்கள். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் என்ற சேர்வைகள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் அளந்த உங்கள் ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை அல்ல. கூடுதலாகத் தேத்தண்ணி குடிப்பவர்கள் இறைச்சி, மீன் குறைவாகச் சாப்பிடுபவர்களாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்து பார்த்தீர்களா என்பது நடுவர் கட்டாயம் கேட்கும் கேள்வி.

சுருக்கம் அனுப்பும் முடிவு நேரம் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் இரவு 11.59 என்றிருந்தால், குளிர்காலத்தில் இங்கே மறுநாள் காலை 10.29. அந்தக் காலையை நம்பியிருக்க வேண்டாம், மழை நாளில் மலையில் இணையம் நிற்பது புதிதல்ல. மூன்று நாள் முன்னரே அனுப்பி, சுருக்கம் கிடைத்ததற்கு அவர்கள் தரும் இலக்கத்தைப் படம்பிடித்து வையுங்கள்.

ஆங்கிலம் பற்றி: சுருக்கத்தை முதலில் தமிழில் எழுதுங்கள், ஒரு வசனத்தில் ஒரு விடயம். பிறகு அந்தச் சின்ன வசனங்களை அப்படியே சின்ன ஆங்கில வசனங்களாக்கி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். திருத்துவது அவர் கடமை, அதற்குத்தான் பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. போஸ்டருக்கு முன்னால் நடுவர் சில நிமிடம்தான் நிற்பார். மூன்று கேள்விக்கு மட்டும் ஆங்கிலத்தில் பதிலை எழுதி வாய்விட்டுப் பழகுங்கள்: ஏன் இந்தப் பெண்களைத் தெரிந்தெடுத்தீர்கள், உயரத்துக்கு எப்படிச் சரிசெய்தீர்கள், ஆய்வின் பெரிய குறை எது. கேள்வி விளங்காவிட்டால் மெதுவாகத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், அதற்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள்.