புது வேம்பு அலுமாரிக்கு எப்போது பெயின்ற் அடிக்கலாம்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வளவில் நின்ற வேம்பை மாரிக்குச் சற்று முதல் தறித்து, மரக்காலையில் அரிந்து, ஓடாவியாரைக் கொண்டு குசினிக்கு அலுமாரிகள் செய்வித்தாயிற்று. ஸ்பிறே அடிக்கக் கேட்ட காசு கட்டுபடியாகவில்லை. அதனால் தானும் தமக்கையுமாக இந்தப் பங்குனியிலேயே பிரஷ்ஷால் வெள்ளை அடிக்கப் போகிறார்களாம். "எனமல் இரண்டு தரம் பூசினால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார், சரியா அண்ணை?"

தங்கச்சி, பெயின்ற் ரின்னை இப்போது திறக்க வேண்டாம். உங்கள் மரம் இன்னும் பச்சை. நிழலில் காயவிடும் பலகைக்கு ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, நம் வன்னி வெயிலுக்கு அது கொஞ்சம் குறையலாம், ஆனால் மாரி முழுக்க ஈரக்காற்றில் கிடந்த பலகை நாலைந்து மாதத்தில் காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். ஒருமுறை மாங்குளத்தில் ஒரு வீட்டுக்கு மார்கழியில் அவசரப்பட்டு வெள்ளை அடித்துக் கொடுத்தேன். சித்திரையில் போய்ப் பார்த்தால், கதவின் நடுப்பலகை சுருங்கி, இரண்டு ஓரத்திலும் வெறுமரம் சிவப்பாக நீளத்துக்கு வேட்டிக்கரை மாதிரித் தெரிகிறது. பெயின்ற் நல்ல பெயின்ற்தான். பிழை என்னுடையது.

மரம் காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. அலுமாரிக்குள் கழற்றக்கூடிய தட்டுப் பலகை ஒன்று இருக்கும்தானே, அதைப் பக்கத்துக் கடைத் தராசில் நிறுங்கள். நிறையையும் திகதியையும் அந்தப் பலகையின் பின்பக்கத்திலேயே பென்சிலால் எழுதி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதே தராசில் திரும்ப நிறுங்கள். காயக் காய நிறை இறங்கும், மூன்று தரம் தொடர்ந்து ஒரே நிறை நின்றால் அது இறங்கி முடிந்துவிட்டது. (கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.) அதுவரை அலுமாரியைப் பாவிக்கலாம், ஆனால் கதவுகளைக் கழற்றி, எந்தக் கதவு எந்த இடம் என்று பிணைச்சல் வரும் பள்ளத்துக்குள் இலக்கம் எழுதி, உள்வீட்டில் இடையிடையே சலாகை வைத்துத் தட்டையாக அடுக்கிவிடுங்கள். தாளிக்கும் எண்ணெய் தெறித்த மரத்தில் பிறகு எந்தப் பெயின்ற்றும் பிடிக்காது.

இப்படிக் காத்திருந்து கோடை உச்சத்தில் அடிப்பதில் இன்னொரு நன்மை உண்டு. அப்போது பலகை சுருங்கி நிற்கும், மற்ற நேரம் சட்டத்தின் தவாளிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஓரமும் வெளியே தெரியும். அந்த ஓரத்தையும் சேர்த்து மெல்லிசாகப் பூசிவிட்டால், மாரியில் பலகை விரிந்து உள்ளே போகும், அடுத்த கோடையில் வெளியே வந்தாலும் வெள்ளையாகவே வரும். மெல்லிசாக என்றேன். அப்பிவிட்டால் பலகை சட்டத்தோடு ஒட்டி, அசைய இடமில்லாமல் வெடிக்கும்.

ஒரே தொல்லை சோழகக் காற்று. வைகாசிக்குப் பிறகு ஈரப் பெயின்ற்றைக் கண்டால் புழுதிக்குக் கொண்டாட்டம். காற்று வரும் தென்மேற்குப் பக்க ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்து, தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். வெயில் ஏறக் காற்றும் ஏறும், ஆகவே விடியவே தொடங்குவது நல்லது.

இனி வேலை. வேம்பின் நார் ஒரே பக்கமாக ஓடாது, முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும், சீவுளி போட்ட இடத்திலும் பூஞ்சணம் மாதிரி எழும்பி நிற்கும். 120 சாண்ட் பேப்பர், பிறகு 180, இரண்டையும் நீளவாக்கில் தேயுங்கள், குறுக்கே தேய்த்த கீறல் வெள்ளைக்குள்ளாலும் தெரியும். தூசு துடைத்து, கணு உள்ள இடத்துக்கும் கடும் சிவப்பாக உள்ள வைரத்துக்கும் அரக்குப் பொலிஷ் ஒருதரம் கொடுங்கள், இல்லாவிட்டால் மரத்தின் சாறு கசிந்து வெள்ளையில் மஞ்சள் கறை போடும். அதற்கு மேல் வூட் பிரைமர். கடைக்காரர் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஓட்டை வெடிப்புகளை அடைக்கும் பட்டி வைப்பது பிரைமருக்குப் பிறகு, வெறுமரத்தில் வைத்தால் மரம் அதன் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ள, பட்டி உதிர்ந்து விழும். 220ஆல் லேசாகத் தேய்த்துவிட்டு எனமல் இரண்டு தரம், இடையில் ஒரு முழுநாள்.

பிரஷ்ஷை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முக்காதீர்கள். முதலில் நடுப்பலகை, பிறகு குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெடுஞ்சட்டங்கள். பூசி முடிந்ததும் பிரஷ்ஷின் நுனியால், அழுத்தாமல், ஒரே இழுப்பாக நீளத்துக்கு இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நன்றாக வரவில்லையே என்று இறுகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பப் போனால்தான் கெடும். கதவின் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும். அடி விளிம்பை எல்லாரும் மறப்பார்கள், தண்ணீர் குடிப்பது அதுதான். ஆனால் கதவைத் தவிர, அலுமாரிக்குள் தட்டுகளுக்கும் பக்கங்களுக்கும் எனமல் வேண்டாம், பூட்டிய இடத்தில் அந்த மணம் மாதக்கணக்காக நின்று அரிசியிலும் மாவிலும் ஏறும், அரக்குப் பொலிஷ் போதும்.

அப்புறம், எனமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், வெளியே விரித்துக் காயவிடுங்கள். பெயின்ற்றுக்குக் கறையானைத் தெரியாது, சுவரோடு முட்டும் பின்பக்கத்துக்கும் கால்களுக்கும் மருந்து அடித்தாயிற்றா என்று ஓடாவியாரிடம் கேளுங்கள்.

தொட்டால் ஒட்டாது என்றவுடன் கதவைப் பூட்டிப் பூட்டித் திறக்க வேண்டாம், ஒரு கிழமையாவது போகட்டும், சவர்க்காரம் போட்டுத் துடைக்க மூன்று கிழமை. மிச்சப் பெயின்ற்றைச் சின்ன ஜாம் போத்தலில் வாய்வரை நிரப்பி இறுக மூடி வையுங்கள், போத்தலுக்குள் காற்று நின்றால் ஆடை கட்டும். பானை முட்டிய இடத்துக்கு நாளைக்கு அதையே தொட்டு வைக்கலாம். ஸ்பிறே அடித்தவர்களால் அது இவ்வளவு சுலபமாக முடியாது.