நிறம் மாறும் 16×2 டிஸ்ப்ளே: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஆர்ஜிபி பேக்லைட் (சிவப்பு, பச்சை, நீலப் பின்விளக்கு) வைத்த 16×2 எழுத்து டிஸ்ப்ளேயை, அதாவது வரிசைக்கு 16 எழுத்தாக இரண்டு வரிசை காட்டுவதை, ஆர்டுயினோ ஊனோ என்ற புரோகிராம் செய்யக்கூடிய சிறு போர்டில் மாட்டியவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பதிலுக்குப் போகுமுன் ஒன்று: ஒரே சட்டத்துக்குள் இருந்தாலும் இவை இரண்டு தனித்தனி சர்க்யூட். எழுத்தைக் காட்டுவது ஒன்று, பின்னால் எரியும் மூன்று நிற எல்இடி இன்னொன்று. எது தகராறு செய்கிறது என்று முதலில் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, நிறம் நன்றாக மாறுகிறது. ஆனால் மேல் வரிசையில் கறுப்புக் கட்டங்கள் மட்டும்தான் தெரிகின்றன. டிஸ்ப்ளே போய்விட்டதா?

போகவில்லை தம்பி. கட்டம் தெரிந்தால் கரண்ட் வருகிறது, கான்ட்ராஸ்டும் இருக்கிறது என்று அர்த்தம். தொடக்கக் கட்டளைகள்தான் டிஸ்ப்ளேயை இயக்கும் கன்ட்ரோலர் சிப்புக்குப் போய்ச் சேரவில்லை. டிஸ்ப்ளேயின் 4ஆம் பின், 6ஆம் பின், 11 முதல் 14 வரையுள்ள டேட்டா பின்கள், இவற்றின் ஒயர்கள் ஸ்கெட்சில் (ஆர்டுயினோ புரோகிராமில்) எழுதிய ஆர்டுயினோ பின் எண்களோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 5ஆம் பின் கிரவுண்டுக்குப் போக வேண்டும். ஹெடரை (பின் வரிசையை) சோல்டர் செய்யாமல் துளையில் செருகி மட்டும் வைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். இதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். கட்டம்கூடத் தெரியாவிட்டால் 3ஆம் பின்னில் இருக்கும் 10 கே பிரிசெட்டை (கான்ட்ராஸ்டை மாற்றும் திருகு ரெசிஸ்டரை) மெதுவாகத் திருப்புங்கள்.

கேள்வி: ஒளி அளவாக ஸ்கெட்சில் 255 கொடுத்தால் சிவப்பு அணைகிறது, 0 கொடுத்தால் முழுதாக எரிகிறது. ஏன் தலைகீழ்?

உங்களுடையது காமன் அனோட் வகை, அதாவது மூன்று நிறங்களுக்கும் பிளஸ் முனை பொது. டிஸ்ப்ளேயின் 15ஆம் பின் 5 வோல்ட்டுக்குப் போகிறது. 16, 17, 18 மூன்றும் சிவப்பு, பச்சை, நீலத்தின் கேதோடு (மைனஸ் முனை). ஆர்டுயினோ பின் கீழே இறங்கும்போதுதான் கரண்ட் ஓடும். அதனால் வேண்டிய அளவை 255லிருந்து கழித்து எழுதுங்கள்.

அப்புறம், போர்டிலேயே ரெசிஸ்டர் இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கட்டாயம் போட வேண்டும். சிவப்பு ஏறக்குறைய 2 வோல்ட்டிலும் மற்ற இரண்டும் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலும் எரிவதால், சிவப்புக்கு 150 ஓம், மற்றவற்றுக்கு 100 ஓம் வைத்தால் கரண்ட் 20 மில்லிஆம்பியர் அளவில் நிற்கும். உங்கள் பேக்லைட் அதைவிட அதிகம் கேட்டால் நிறத்துக்கு ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வைத்துவிடுங்கள். அப்போது தலைகீழ்க் கணக்கும் வேண்டாம்.

கேள்வி: ஆர்டுயினோ பின்களில் எழுத்துக்கு 12, 11, 5, 4, 3, 2, நிறத்துக்கு 6, 9, 10. எல்லாம் ஓடியது. சர்வோ மோட்டார் சேர்த்ததும் இரண்டு நிறங்கள் முழுதாக எரிகின்றன அல்லது அணைகின்றன. நடுவில் எதுவும் இல்லை.

நல்ல கேள்வி. ஊனோவில் ஒளியைக் கூட்டிக் குறைக்க உதவும் பிடபிள்யூஎம் பின்கள் 3, 5, 6, 9, 10, 11 என ஆறுதான். ஆர்டுயினோ மாதிரி ஸ்கெட்சில் வரும் இணைப்பு 3, 5, 11 மூன்றையும் எழுத்துக்கே கொடுத்துவிடுகிறது. எழுத்துக்கு பிடபிள்யூஎம் தேவையே இல்லை; எந்த டிஜிட்டல் பின்னும் போதும். மிச்சம் 6, 9, 10. சர்வோ லைப்ரரி, 9, 10 பின்களின் பிடபிள்யூஎம்மை நடத்தும் டைமர் 1ஐ எடுத்துக்கொள்வதால், மோட்டாரை எந்தப் பின்னில் மாட்டினாலும் 9, 10 இரண்டிலும் பிடபிள்யூஎம் போய்விடும்.

எழுத்தை 7 முதல் 12க்கு மாற்றுங்கள். நிறம் 3, 5, 6இல் இருக்கட்டும், சர்வோவை 2இல் மாட்டுங்கள். நாளைக்கு டோன் கட்டளையால் பஸ்ஸர் ஒலிக்கச் செய்தால் 3ஆம் பின் பாதிக்கப்படும், அதையும் இப்போதே நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒயரைக் குறைக்க டிஸ்ப்ளேயின் பின்னால் மாட்டும் ஐ2சி பேக்பேக் வைத்தால் நிறம் மாற்றலாமா?

சாதாரண பிசிஎஃப்8574 சிப் வைத்த பேக்பேக்கில் முடியாது. அதில் பேக்லைட்டுக்கு ஒரே டிரான்சிஸ்டர்தான். டிஸ்ப்ளேயின் 16ஆம் பின்னை அதில் சேர்க்காமல் விட்டு, மூன்று நிறங்களுக்கும் தனி ஒயர் இழுங்கள்.

கேள்வி: மஞ்சள் கேட்டால் பச்சையாகத் தெரிகிறது.

பச்சை நம் கண்ணுக்குத் தூக்கலாகத் தெரியும். சிவப்பை முழுதாக வைத்து, பச்சையை 100இல் தொடங்கிக் கண்ணால் பார்த்தே சரிசெய்யுங்கள்.

கேள்வி: பாட்டிக்கு மருந்து நேரம் சொல்லும் பெட்டி செய்கிறேன் சார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். இதில் தமிழ் வருமா?

வரும், கொஞ்சம் உழைக்க வேண்டும். எச்டி44780 வகைக் கன்ட்ரோலரில் நாமே வரைந்துகொள்ள எட்டு எழுத்துகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றும் அகலம் 5 புள்ளி, உயரம் 8. தமிழ் எழுத்து பலவற்றுக்கு 5 புள்ளி போதாது, பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து வரைய வேண்டும். ‘மருந்து’ என்பதில் ம ஒரு கட்டம், ரு, ந், து மூன்றுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் ஏழு, அடங்கிவிடுகிறது! கட்டங்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விழும். கோடு அந்த இடத்தைக் கடக்காதபடி வரைந்தால் கண்ணை உறுத்தாது. முதலில் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பாருங்கள்.

வேளைக்கு ஒரு நிறமும் வையுங்கள். காலைக்குப் பச்சை, இரவுக்கு நீலம், நேரம் தாண்டிவிட்டால் சிவப்பு. பாட்டி கண்ணாடியைத் தேடி எடுக்குமுன்பே, கட்டிலில் இருந்தபடி அது தெரிந்துவிடும்.